பதினேழாம் போத்தலும் பதினெட்டாம் போத்தலும்

இடது பக்கம் குனிந்து ரப்பர் ஷீட்டை எடுத்தபோது, வெள்ளையம்மாவின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று ஒரு நொடி பிந்திக் குனிந்தது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். வலி இல்லை, இருமல்கூட வரவில்லை. உடம்பு முதலில் சாய்ந்தது. அதற்குப் பிறகு, வலப்பக்கம் கழுத்தெலும்புக்கு நாலு விரல் கீழே, உள்ளே எதுவோ மெல்லப் புரண்டு வந்து ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. ஒட்டிக்கிடந்த இரண்டு ஈர ஷீட்டைப் பிரித்தால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். காதுக்குக் கேட்டதா, எலும்புக்குக் கேட்டதா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நிமிர்ந்தாள். சற்றுப் பொறுத்து அதுவும் நிமிர்ந்தது.

பகல் இரண்டு மணிதான். ஆனால் தொரவளைத் தோட்டத்து ரப்பர் ஸ்டோருக்குள் காலையிலிருந்தே பல்ப் எரிந்துகொண்டிருந்தது. 2004ஆம் ஆண்டு வைகாசி மழை எட்டியாந்தோட்டைப் பக்கத்து மலைகளைப் பிடித்துக்கொண்டு பதினோரு நாளாகியும் விட்டபாடில்லை. தகரக் கூரையில் மழைச் சத்தம், புகையில் காய்ந்த ஷீட்டின் கருகல் வாசம், அதற்கு அடியில் இன்னொரு வாசம்: இனிப்பும் புளிப்புமாய், நெடுநாள் பூட்டிக்கிடந்த பெட்டியைத் திறந்த மாதிரி. அதுதான் பூஞ்சணம். மழைக்காலத்தில் அடுக்கிவைத்த ஷீட்டெல்லாம் இரண்டே நாளில் வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்துவிடும். தும்பு பிரஷ்ஷால் அதைத் தேய்த்துத் தட்டிச் சுத்தமாக்கினால்தான் தரம் பிரிக்கலாம், பேல் கட்டலாம். அதற்கென்றே பன்னிரண்டு பெண்கள். தட்டத் தட்ட எழும்பும் தூசு கீழே இறங்குவதும் இல்லை, வெளியே போவதும் இல்லை. பல்ப் வெளிச்சத்தைச் சுற்றி அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

வெள்ளையம்மா லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. வாய்க்குக் கட்டத் துணி வேண்டும் என்று தொரையிடம் முகத்துக்கு நேரே கேட்டவள் அவள்தான். தொரை சிரித்தார். மறுநாள் கோதுமைமாச் சாக்கைக் கிழித்துப் பன்னிரண்டு பேர் மூஞ்சியிலும் கட்டிவிட்டு, அந்தக் கோலத்தோடு எல்லோரையும் ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். அந்த மாதமே துணி வந்தது. அப்படிப்பட்டவளுக்கு, தன் நெஞ்சு தன்னைக் கேட்காமல் அசைந்தது பயத்தைவிட முதலில் கோபத்தைத்தான் கிளப்பியது. யாரிடமும் மூச்சுக் காட்டவில்லை. ஆனால் அன்று வேலை விடும்வரை இடது பக்கம் குனியவும் இல்லை.

"என்ன மதினி, ஒரு பக்கமாவே நிக்கிறீங்க?" என்று கேட்டாள் பக்கத்தில் ஷீட் தட்டிக்கொண்டிருந்த சுதர்ஷினி.

கணவன் கன்னையாவின் தங்கை அவள். ஆறு வயதில் தாயைப் பறிகொடுத்த பிள்ளையை வெள்ளையம்மாதான் வளர்த்தாள். தலைக்கு எண்ணெய் வைத்தாள், பள்ளிக்கூடம் அனுப்பினாள், ஏழு வருடத்துக்கு முன்னால் தன் டீபியையும் கொடுத்தாள். மாதக்கணக்கில் மருந்து குடித்து இருவருக்கும் டீபி போய்விட்டது. ஒரே காம்பரா அறைக்குள் மூச்சு விட்டு அந்தப் பிள்ளைக்கு நோயை ஒட்டவைத்தது தான்தான் என்ற எண்ணம் மட்டும் அவளைவிட்டுப் போகவில்லை. இப்போது சுதர்ஷினிக்கு இருபத்திநாலு. வரக்காப்பொலயில் கடை வைத்திருக்கும் பையனுக்குப் பேசி, தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது.

இரண்டு நாள் கழித்து, வேலை முடிந்து வரும் வழியில் சுதர்ஷினி கான் வாய்க்காலோரம் குந்தி இருமினாள். மழைத் தண்ணீரில் ஒரு சிவப்பு நூல் நெளிந்து போனது. வெள்ளையம்மா குனிந்து அதைப் பார்த்தாள். அவளுக்கும் ஒரு வாரமாகச் சளியில் அதே நூல்தான் வந்துகொண்டிருந்தது.

*

டொக்டர் நூரியா மாதத்தில் இரண்டாவது புதன்கிழமை வேனில் வருவாள். தோட்டத்து டிஸ்பென்சரியின் பின் அறைதான் அவளுக்குக் கொடுத்த இடம். டீபி வந்து சுகமானவர்கள் பிறகும் இருமுகிறார்களே, ஏன் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வெள்ளையம்மாவிடமும் சுதர்ஷினியிடமும் இரத்தம் எடுத்தாள், விடியற்காலைச் சளியைக் குப்பியில் வாங்கினாள், கேகாலைக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுப்பித்தாள். அடுத்த மாதம் படங்களைக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இங்க பாருங்கோ. இந்தக் கறுப்பு, டீபி திண்டுட்டுப் போன ஓட்டை. அதுக்குள்ள வெள்ளையா ஒரு உருண்டை ஈக்குதா? அது பூஞ்சணம்."

"ஷீட்டுல பூக்குற அதே பூஞ்சணமா நோனா?"

"கிட்டத்தட்ட அதேதான். தூசோட உள்ள போய், ஓட்டையில குடியிருந்துட்டுது. இது நீங்க நிண்டு எடுத்த படம். இது சாஞ்சு படுத்து எடுத்தது. உருண்டை எடம் மாறி ஈக்குது, பாத்தீங்களா? நீங்க திரும்பினா அதுவும் உருளும். இத வெச்சித்தான் நாங்க கண்டுபுடிக்கிற. படத்துல ஓட்டையக் கண்ட ஒடன திரும்பவும் டீபி மருந்தே குடுத்துக் குடுத்து எத்தின பேர் வீணாப் போறாங்க தெரியுமா?"

வெள்ளையம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவுதானா! அதற்கு ஒரு பேர் இருக்கிறது, படம் இருக்கிறது, உருளுவதற்குக் காரணமும் இருக்கிறது. ஒரு மாதமாக மனதில் கிடந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது. சுதர்ஷினியின் படத்தையும் பார்த்தாள். அதே பக்கம், அதே இடம், அதே அளவு. இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒன்றை ஒன்று மறைத்துவிடும் போலிருந்தது. அது மட்டும் அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மருந்தைப் பற்றி நூரியா ஒளிக்காமல் சொன்னாள். பூஞ்சணத்துக்கு விழுங்குகிற குளிசை ஒன்று இருக்கிறது. அது இந்த உருண்டையைக் கரைக்குமா என்று உலகத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால் பாதிப் பேருக்கு மருந்துக் குளிசை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாக்குளிசை. கொழும்பில் சீட்டுக் குலுக்கி முடிவாகியிருக்கிறது. எந்தப் போத்தலில் எது என்று நூரியாவுக்கும் தெரியாது. ஆறு மாதம். ஒருவர் மருந்தை ஒருவர் தொடக்கூடாது. தமிழில் அடித்த கடதாசியை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினாள். வெள்ளையம்மாவுக்குப் பதினேழாம் போத்தல், சுதர்ஷினிக்குப் பதினெட்டாம் போத்தல்.

ஒரு மாதம் போனது. வெள்ளையம்மாவின் கால் லேசாக வீங்கியது, ஏப்பம் கசந்தது, சளியில் சிவப்பு நின்றுபோனது. சுதர்ஷினிக்குக் கால் அப்படியே இருந்தது. சிவப்பும் அப்படியே இருந்தது, பிறகு கூடியது.

"என் போத்தல்ல மருந்து இருக்கு நோனா. இவ போத்தல்ல ஒண்ணுமில்ல," என்றாள் வெள்ளையம்மா, அடுத்த புதன்கிழமை.

"எனக்கே தெரியாத விஷயம். ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலப் பாருங்க. இதுக்குக் கொழும்புல போயி சீட்டு குலுக்கணுமா? என் போத்தல அவளுக்கு மாத்திக் குடுங்க."

"அப்படி மாத்தேலா. ஆறு மாசம் முடியோணும். நடுவுல ஒரு கோப்பைக்கு மேல ரத்தம் போனா ஒடன ஆராய்ச்சியில இருந்து எடுத்து, நிச்சயமா மருந்துக் குளிசையே குடுப்போம். அதுதான் ஒழுங்கு."

"கோப்பை ரொம்புற வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கச் சொல்றீங்க."

நூரியா அந்த மாதத்துப் போத்தல்கள் இரண்டையும் மேசையில் எடுத்துவைத்தாள். நல்ல பெண்தான், அவள் கண் கலங்கியதை வெள்ளையம்மா பார்த்தாள். கலங்கின கண்ணை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது?

எட்டு வீடுகள் ஒரே வரிசையாய் ஒட்டிய லயத்தில் மருந்து என்றைக்குமே ஒருத்தர் சொத்தாக இருந்ததில்லை. காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் டிஸ்பென்சரியில் ஒரே வெள்ளை மாத்திரையைத்தான் காலம் காலமாகக் கொடுத்தார்கள். அதனால் ஒரு வீட்டுக்குக் கிடைத்தது எட்டு வீட்டுக்கும் போகும். இருமல் பாணி போத்தல் கைமாறிக் கைமாறிக் கடைசிக் காம்பராவுக்குப் போய்க் கழுவிக் குடிக்கப்படும். அதில் யாருக்கும் வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. அன்றைக்கே வெள்ளையம்மா தன் போத்தலை அப்படியே சுதர்ஷினியின் மடியில் போட்டாள்.

"முழுசும் எனக்குத் தந்துட்டு நீங்க சாகப் போறீங்களா?" சுதர்ஷினி போத்தலைத் திருப்பி நீட்டினாள். "பாதிப் பாதின்னா திங்கிறேன். இல்லாட்டி ரெண்டு போத்தலையும் கான்ல கொட்டுவேன். நான் சொன்னா செய்வேன், ஒங்களுக்குத் தெரியும்."

தெரியும். வளர்த்தவளின் பிடிவாதம்தானே. ஒரு பழைய பால்மா டின்னில் இரண்டு போத்தலையும் கவிழ்த்து, மூடி போட்டுக் குலுக்கினாள் வெள்ளையம்மா. எது எது என்று இனிக் கொழும்புக்கும் தெரியாது, கடவுளுக்கும் தெரியாது. பிழைத்தால் இரண்டு பேரும் என்று சொல்லிக்கொண்டே ஆளுக்கு இரண்டு எடுத்து, ஒரே செம்புத் தண்ணீரில் விழுங்கினார்கள். மாதம் தவறாமல் வந்த புதுப் போத்தல்களும் அதே டின்னுக்குள்தான் போயின.

*

ஒரு மாதம் நன்றாகவே போனது. சுதர்ஷினிக்குச் சிவப்பு குறைந்தது. முகம் தெளிந்தது. கல்யாணத்துக்குச் சேலை எடுக்கும் பேச்சுக்கூட எழும்பியது.

பிறகு ஒரு விடியற்காலை, கன்னையா ரப்பர் பால் வெட்டப் போன கையோடு, வெள்ளையம்மா குசினிக்குப் பின்னால் நின்று சளிக் குப்பிக்காக இருமினாள். உள்ளே சுதர்ஷினியும் இருமினாள். வெள்ளையம்மா நிறுத்தினாள். உள்ளேயும் நின்றது. மூன்று தரம் இருமிப் பார்த்தாள். உள்ளே மூன்று. வேண்டுமென்றே நடுவில் நிறுத்தி, பாதி இருமலைத் தொண்டையில் பிடித்து வைத்தாள். உள்ளேயும் பாதியில் நின்றது.

லயத்துச் சுவர் கூரைவரை எழும்பாது; ஒரு வீட்டுச் சத்தம் எட்டு வீட்டுக்கும் சொந்தம். நாலு நாளில் எல்லோரும் கேலி பேச ஆரம்பித்துவிட்டார்கள். "என்ன வெள்ளையம்மாக்கா, விடிய விடியத் தப்பு மேளம் அடிச்சுப் பழகுறீங்களா?" கன்னையா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரே வீட்டுச் சளி ஒரே மாதிரித்தான் இருமும் என்றார். வெள்ளையம்மாவும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்கும்போது சுதர்ஷினியைப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம். மழைக்கு முந்தின புழுக்கம். வெள்ளையம்மா முன் அறையில் மல்லாக்கப் படுத்திருந்தாள். அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் சுதர்ஷினி பாயில் கிடந்தாள். கூரைத் தகரம் வெயிலில் டக் டக்கென்று விரிந்தது. ஈ ஒன்று சுற்றியது. அடுப்பில் அவிந்த கொள்ளியின் வாசம் வந்தது. கண் சொருகும் நேரம், அவளுடைய உருண்டை இடது பக்கம் உருண்டது.

அவள் அசையவில்லை. விரல்கூட அசையவில்லை.

அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் பாய் சரசரத்தது.

உருண்டை வலது பக்கம் வந்தது. பாய் சரசரத்தது.

"சுதா," என்றாள். குரல் தன்னுடையது மாதிரி இல்லை. "நீ இப்ப பொரண்டியா?"

"ஆமா மதினி."

"இப்ப நான் பொரள்றேன். ஒனக்கு ஏதாச்சும் தெரியுதா, சொல்லு."

புரண்டாள். 

"தெரியுது. ரெண்டு வாரமாவே தெரியுது."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க பயந்துருவீங்கன்னுதான்."

வெள்ளையம்மா எழுந்து உட்கார்ந்தாள். பயந்துதான் போனாள், அதை மறைத்து என்ன பயன்?  ஆனால் பயம் வந்த வழியிலேயே ஆத்திரமும் வந்தது. கையை விரித்துத் தன் நெஞ்சில் ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

"ஏய்! யாரக் கேட்டு உள்ள வந்த? இது என் ஒடம்பு. அது நான் வளத்த புள்ள. ரெண்டு பேர்ல ஒருத்தர்கூட ஒனக்கு இல்ல, தெரிஞ்சுக்க!"

அரைச்சுவருக்கு அப்பால் சுதர்ஷினி "ஆ" என்று நெஞ்சைப் பிடித்தாள்.

அதற்குப் பிறகு வெள்ளையம்மா தன் நெஞ்சை அடிக்கவில்லை. நூரியாவிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் நினைத்தாள். சொன்னால் டின்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொன்னால் இரண்டு பேரையும் ஆராய்ச்சியிலிருந்து வெட்டிவிடுவார்கள், பிள்ளைக்குக் கிடைக்கிற பாதி மருந்தும் போய்விடும். வாயை மூடிக்கொண்டாள். அடுத்தடுத்த நாட்களில் உருண்டைக்கும் அவளுக்கும் இடையில் இருந்த அந்த ஒரு நொடி சுருங்கிச் சுருங்கி இல்லாமல் போனது. அவள் குனியும்போதே அதுவும் குனிந்தது. ஐப்பசி பிறந்தபோது அது அவளுக்கு முந்திக்கொண்டது. முதலில் அது இடப்பக்கம் சாயும். பிறகு அவள் கை இடப்பக்கத்து ஷீட்டுக்குப் போகும். ஷீட் எடுக்க நினைத்தது யார்? அவளுக்குத் தெரியவில்லை. வேண்டுமென்றே வலப்பக்கம் திரும்புவாள். அது ஏற்கெனவே அங்கே போய்க் காத்திருக்கும்.

*

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. தேத்தண்ணி நேரம். மற்றப் பெண்கள் ஸ்டோரின் முன் வாசலுக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய பேச்சும் சிரிப்பும் மழைச் சத்தத்துக்குள் கேட்டும் கேட்காமலும் இருந்தன. வெள்ளையம்மா கையிலிருந்த ஷீட்டை முடித்துவிட்டுப் போகலாம் என்று நின்றாள். அன்றைய ஷீட்டில் பூஞ்சணம் கனத்திருந்தது. பச்சைக்கு நடுவே கறுப்பு, கறுப்பைச் சுற்றி ஆட்டுக்குட்டி மயிர் மாதிரி வெள்ளை. பிரஷ்ஷை ஓங்கினாள்.

பிறகு என்ன நடந்தது என்று தெரியவில்லை.

கன்னத்தில் ஈரம். ஷீட்டின் வரிகள் கன்னத்தில் அழுந்தின. வாய்த்துணி அவிழ்ந்து கழுத்தில் கிடந்தது. பிரஷ் காலடியில். அவள் மூக்கையும் வாயையும் பூஞ்சணத்தில் புதைத்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஆழமாக. நிதானமாக. எவ்வளவு நேரமாக? நெஞ்சு நிறைந்தது. ஓட்டைக்குள் இருந்தது சந்தோசமாக அசைந்தது. அவளுக்கும் சுகமாக இருந்தது. பசித்த வயிற்றுக்குச் சூடான சோறு போனது மாதிரி. அந்தச் சுகம்தான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

தலையை இழுத்தாள். தலை வரவில்லை. இன்னொரு மூச்சு. உதட்டைப் பல்லால் கடித்தாள். இரத்தம் உப்புக் கரித்தது. தலை வந்தது.

அடுக்குக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சுச் சத்தம்.

சுற்றிப் போய்ப் பார்த்தாள். சுதர்ஷினி முழங்காலிட்டிருந்தாள். இரண்டு கையாலும் அடுக்கைக் கட்டிப்பிடித்து, முகத்தை ஷீட்டுகளுக்கு இடையில் செருகியிருந்தாள். முதுகு ஏறி ஏறி இறங்கியது. வெள்ளையம்மா தொட்டதும் திரும்பினாள். உதட்டிலும் மூக்கோரத்திலும் பச்சைத் தூள். கண்ணில் அப்படி ஓர் அமைதி.

"நல்லா இருக்கு மதினி," என்றாள். "மூச்சே முட்டல."

வெள்ளையம்மா அவளுடைய பின்னலைப் பிடித்தாள். இழுத்தாள். கத்தக் கத்த இழுத்துக்கொண்டு பின் கதவால் மழைக்குள் இறங்கினாள். மேட்டில் ஏற ஏற, நெஞ்சுக்குள் உருண்டை முதுகுப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. ஸ்டோர் இருந்த பக்கம். ரோட்டுக்கு வந்து திரும்பினார்கள். அதுவும் திரும்பியது. மறுபடி ஸ்டோர் பக்கம்.

"பாத்துக்கிட்டே இரு," என்று அதனிடம் சொன்னாள் வெள்ளையம்மா. "ஒன்ன வெட்டி எடுத்துக் குப்பியில போட்டு அடைக்கிறேன்." நூரியா வேனில் வரும் இரண்டாவது புதன்கிழமை வரை காத்திருக்கவில்லை. சேற்றுக் காலோடு, மாற்றுத் துணிகூட இல்லாமல், கேகாலை பஸ்ஸில் ஏறினார்கள்.

*

கேகாலை ஆஸ்பத்திரியில் நூரியா எல்லாவற்றையும் கேட்டாள். டின்னைப் பற்றிச் சொன்னபோது நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

"யா அல்லா. பாதி மருந்து குடிச்சா அது சாகாது வெள்ளையம்மா. மருந்துக்குப் பழகிடும்."

"அது மருந்துக்கு மட்டும் பழகல நோனா," என்றாள் வெள்ளையம்மா. "எங்களையும் பழகிருச்சு. மொதல்ல இவளுக்கு வெட்டி எடுங்க. எனக்குப் பொறகு பாத்துக்கலாம். கோவிக்கிறதுன்னா அதுக்குப் பொறகு கோவிங்க."

"புதுப் படம் எடுத்துப் பாக்காம வெட்டேலா. எவ்வளவு பரவி ஈக்குதுண்டு தெரியோணும்."

எக்ஸ்ரே அறைக்கு ஜன்னல் இல்லை. சுவரோரம் உட்கார ஒரு வாங்கு, ஒரு மங்கின பல்ப், சுண்ணாம்பு வாசம். படம் எடுக்கிறவர் நரைத்த தலைச் சிங்கள மனிதர். சுதர்ஷினியைப் பலகையோடு நெஞ்சை ஒட்டி நிற்கவைத்தார். மறைப்புக்குப் பின்னால் போய்க் குரல் கொடுத்தார்.

"ஹுஸ்ம அல்லாகென இன்ன."

மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்கிறார். சுதர்ஷினி பிடித்தாள். இயந்திரம் உறுமி அடங்கியது. படத்தைக் கழுவிக்கொண்டு வந்தவர் முகத்தைச் சுளித்தார். படம் கலங்கியிருந்தது. திரும்பவும் எடுத்தார். அதுவும் கலங்கியிருந்தது. மூன்றாவது முறை கலங்கியதும் நூரியாவிடம் சிங்களத்தில் படபடவென்று முறையிட்டார்: இந்தப் பெண் சொன்னதைக் கேட்பதில்லை, மூச்சு விட்டுக்கொண்டே நிற்கிறாள்.

"நான் விடவே இல்ல மதினி," என்றாள் சுதர்ஷினி. "சத்தியமா விடல."

"நீ ஒக்காரு. நான் நிக்கிறேன்."

வெள்ளையம்மா பலகையின் முன்னால் நின்றாள். குரல் வந்தது. வாயை இறுக மூடி மூச்சைப் பிடித்தாள்.

நெஞ்சு ஏறியது.

அவள் ஏற்றவில்லை.

இறங்கியது. மறுபடி ஏறியது. ஆற அமர, தூங்குகிறவளின் நெஞ்சு மாதிரி.

வெள்ளையம்மா பலகையை விட்டு விலகித் திரும்பி நின்றாள். ஒரு கையால் மூக்கைப் பிடித்தாள். மறு கையின் உள்ளங்கையை வாயில் அழுத்தினாள். அடைத்துவிடு. காற்றே போகாமல் அடைத்துவிடு. காற்றில்லாமல் அது சாகட்டும், நானும் சாகிறேன், பிள்ளை பிழைக்கட்டும். நெஞ்சு ஏறியது. இறங்கியது.

வாங்கில் சுதர்ஷினி வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் பெரிது பெரிதாய் மூச்சிழுத்தாள், ஒரு ஆளுக்குத் தேவையான மூச்சைவிடப் பெரிதாய். அவள் இழுக்கும்போதெல்லாம் வெள்ளையம்மாவின் நெஞ்சு ஏறியது. வெள்ளையம்மா கையை எடுக்காமல், கண்ணாலேயே சொன்னாள். நீயும் மூடு.

பிள்ளைக்கு விளங்கியது. கண்ணீர் வழிய, அவளும் மூக்கைப் பிடித்தாள். உள்ளங்கையை வாயில் வைத்து அழுத்தினாள்.

நூரியா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அரை நிமிடம். ஒரு நிமிடம். "விடுங்கோ," என்றாள். "வெள்ளையம்மா, போதும், விடுங்கோ." இரண்டு நிமிடம். நரைத்த மனிதர் மறைப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். நாலு நிமிடம். நூரியா வெள்ளையம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கை அசையவில்லை. முகம் நீலம் பாயவில்லை. கண்கள் மட்டும் எரிந்தன.

விட மாட்டேன், என்று அந்தக் கண்கள் உள்ளே இருந்ததிடம் சொல்லின. நீ எவ்வளவு நேரம் மூச்சு விடுவாயோ விட்டுப் பார். நான் கையை எடுக்க மாட்டேன்.

ஆறாவது நிமிடம். இரண்டு பெண்கள், நாலு கைகள், அடைத்த இரண்டு முகங்கள். கழுத்துக்குக் கீழே இரண்டு நெஞ்சும் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.